ஒரு நுரையீரல் ஓய்வெடுக்க, ஒரு நுரையீரல் உழைக்க
நெஞ்சு ஆபரேஷனில் மூச்சு கொடுப்பது எப்படி?



இந்த இதழில் கொஞ்சம் கடினமான ஒரு விஷயத்தை எளிமையாகப் பேசப் போகிறோம். நுரையீரலில் கட்டி, காசநோயால் கெட்டுப்போன பகுதி, சீழ், உணவுக்குழாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டி வரும். அப்போது டாக்டர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "ஆபரேஷன் முடியுற வரைக்கும் ஒரு நுரையீரலை நிறுத்தி வைப்போம். இன்னொண்ணுல மட்டும் மூச்சு கொடுப்போம். இதுல கையெழுத்து போடுங்க" என்பார்.

இதைக் கேட்டதும் பாதிப் பேருக்குக் கை கால் நடுங்கிவிடும். "ஐயோ, மூச்சையே நிறுத்துறாங்களாமே" என்று பயந்து நோயாளியை வீட்டுக்கே கூட்டிப் போய்விடுகிறவர்களும் உண்டு. செய்ய வேண்டிய நேரத்தில் ஆபரேஷன் செய்யாவிட்டால், குணமாகக்கூடிய நோயும் கைமீறிப் போய்விடும். ஒன்றுமே புரியாமல் கையெழுத்துப் போடுவதும் நல்லதல்ல, பயந்து ஓடுவதும் நல்லதல்ல. விஷயத்தைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதுதான் நல்லது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எதற்காக ஒரு நுரையீரலை நிறுத்த வேண்டும்?

நமக்கு இரண்டு நுரையீரல்கள். வலது பக்கம் மூன்று பகுதி, இடது பக்கம் இரண்டு பகுதி. தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. பெரிய வாய்க்கால் ஒன்று இரண்டு கிளை வாய்க்காலாகப் பிரிந்து இரண்டு வயலுக்குப் போவது போலத்தான்.

மூச்சு விடும்போது நுரையீரல் பலூன் போல விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஆடுகிற துணியில் ஊசி கோர்த்துத் தைக்க முடியுமா? அதே மாதிரிதான், உப்பி உப்பி வடிகிற நுரையீரலில் டாக்டர் கத்தி வைப்பதும் கடினம். பக்கத்திலேயே இதயமும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. ஆபரேஷன் செய்யும் பக்கத்து நுரையீரலைக் காற்று இல்லாமல் சுருங்க வைத்தால்தான் இடமும் கிடைக்கும், பார்வையும் கிடைக்கும். சிறு துளை போட்டு கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷனுக்கு இது இன்னும் அவசியம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கம் சீழோ ரத்தமோ இருந்தால், படுத்திருக்கும் நோயாளிக்கு அது நல்ல பக்கத்துக்கு வழிந்துவிடும். அப்போது இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது உயிரையே காப்பாற்றும்.

"நிறுத்தி வைப்பது" என்றால் வெட்டி எடுப்பது இல்லை. அந்தப் பக்கத்துக்குக் காற்றை மட்டும் நிறுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் மீதி இருக்கும் பகுதிக்கு மறுபடி காற்று கொடுத்து விரிய வைக்கிறார்கள்.

இந்த அறிவு எப்படி வந்தது?

நூறு வருஷத்துக்கு முன்பு நெஞ்சைத் திறப்பது என்றாலே சாவு என்ற நிலைமை. நெஞ்சைத் திறந்த உடனே வெளிக்காற்று புகுந்து நுரையீரல் தானாகச் சுருங்கிவிடும், நோயாளி மூச்சுத் திணறிப் போவார். 1904-ல் ஜெர்மனியில் சாவர்புரூக் என்ற டாக்டர், காற்றழுத்தம் குறைத்த ஓர் அறையைக் கட்டினார். நோயாளியின் உடம்பும் டாக்டரும் அறைக்குள்ளே, நோயாளியின் தலை மட்டும் வெளியே! பிறகு தொண்டை வழியாகக் குழாய் விட்டு, காற்றை அழுத்திக் கொடுக்கும் முறை வந்தது. அறை தேவைப்படவில்லை.

1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் கிரகாம் என்ற டாக்டர், புற்றுநோய் வந்த ஒருவரின் ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே ஆபரேஷனில் எடுத்தார். அந்த நோயாளி மிச்சமிருந்த ஒரே நுரையீரலோடு 30 வருஷம் வாழ்ந்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் கிரகாமோ நெடுநாள் சிகரெட் பிடித்தவர். 1957-ல் அவரே நுரையீரல் புற்றுநோயால் இறந்து போனார். நோயாளி அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்! ஒரு நுரையீரலில் மனிதன் வாழலாம், புகை யாரையும் விடாது என்ற இரண்டு பாடமும் இந்த ஒரு கதையில் இருக்கிறது.

1949-ல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் கார்லென்ஸ், இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனிப் பாதை உள்ள ஒரு குழாயை உருவாக்கினார். 1962-ல் இங்கிலாந்தின் ராபர்ட்ஷா அதை மேம்படுத்தினார். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் பயன்படும் குழாய் இந்த வழியில் வந்ததுதான்.

முதல் ஒப்பீடு: இரட்டைக் குழாயா, அடைப்பு பலூனா?

ஒரு பக்கத்தை மூட இரண்டு முக்கியமான வழிகள் உண்டு.

1. இரட்டைக் குழாய். டாக்டர்கள் 'டபுள் லூமன் டியூப்' என்பார்கள். இரட்டைக் குழல் துப்பாக்கி மாதிரி, ஒரே டியூபுக்குள் இரண்டு பாதை. ஒரு பாதை ஒரு பக்க நுரையீரலுக்குள் போய் நிற்கும். மற்றது மேலே நின்று இன்னொரு பக்கத்துக்குக் காற்று கொடுக்கும். எந்தப் பக்கம் வேண்டாமோ அந்தப் பாதையை வெளியிலேயே மூடிவிடலாம்.

பெரும்பாலும் இதன் நுனியை இடது பக்கத்துக்குள்தான் வைப்பார்கள். காரணம் இருக்கிறது. வலது பக்கக் கிளை குட்டையானது. கொஞ்ச தூரத்திலேயே மேல் பகுதிக்கான வாசல் பிரிந்துவிடும். குழாய் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த வாசல் அடைபட்டுப் போகும். இடது கிளை நீளமானது, குழாய் நிற்க இடம் இருக்கும்.

2. அடைப்பு பலூன். இதை 'பிராங்கியல் பிளாக்கர்' என்பார்கள். வழக்கமான ஒற்றைக் குழாயைப் போட்டு, அதற்குள் நுனியில் சின்ன பலூன் உள்ள மெல்லிய கம்பி போன்ற குழாயை விடுவார்கள். வேண்டாத பக்கத்துக் கிளையில் பலூனை ஊதினால் வழி அடைபடும். மடையில் துணி வைத்து அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்புகிறதே, அந்த மாதிரி.

எது நல்லது? இரண்டிலும் நல்லதும் உண்டு, குறையும் உண்டு.

● இரட்டைக் குழாயைச் சீக்கிரம் பொருத்தலாம், இடம் விட்டு நகருவது குறைவு. நுரையீரல் வேகமாகச் சுருங்கும். சளி, ரத்தம், சீழை இரண்டு பக்கமும் தனித்தனியாக உறிஞ்சி எடுக்கலாம்.
● ஆனால் அது தடிமனானது. ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டை வலி, குரல் கம்மல் அதிகம். வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அதை விடுவது கஷ்டம். ஆபரேஷனுக்குப் பிறகும் வென்டிலேட்டரில் வைக்க வேண்டியிருந்தால், பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு ஒற்றைக் குழாயாக மாற்ற வேண்டும்.
● அடைப்பு பலூன் தொண்டையை அவ்வளவாகப் புண்ணாக்காது. வாய் திறக்க முடியாதவர்களுக்கும், ஏற்கெனவே குழாய் போடப்பட்டவர்களுக்கும், தொண்டையில் துளை போட்டவர்களுக்கும் ஏற்றது.
● ஆனால் நுரையீரல் சுருங்க நேரம் ஆகலாம். பலூன் நழுவலாம். அதன் துளை மெல்லியது என்பதால் சளியை நன்றாக உறிஞ்ச முடியாது. சீழ், ரத்தம் அதிகமாக இருப்பவர்களுக்கு இரட்டைக் குழாயே பெரும்பாலும் பாதுகாப்பு.

எதைப் போட்டாலும், மெல்லிய கேமரா குழாயை உள்ளே விட்டு, சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நோயாளியை மல்லாந்த நிலையிலிருந்து ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது குழாய் நகர வாய்ப்பு உண்டு. அதனால் திருப்பிய பிறகும் ஒரு முறை பார்ப்பது முக்கியம்.

தோழிகளே, இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலையை வருஷக்கணக்காக வாயில் அடக்குகிறவர்களுக்கு உள்கன்னம் இறுகி, வாய் திறப்பது குறைந்துபோகலாம். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியவில்லை என்றால் கவனிக்க வேண்டிய விஷயம். மயக்க டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்தக் குழாய், எப்படி என்று அவர் முடிவு செய்வதே இதனால் மாறும். "இதைப் போய் எப்படிச் சொல்றது" என்று வெட்கப்படாதீங்க.

இரண்டாவது ஒப்பீடு: பெரிய மூச்சா, சின்ன மூச்சா?

குழாய் போட்டாயிற்று. இனி ஒரு நுரையீரலுக்கு வென்டிலேட்டர் எவ்வளவு காற்று கொடுக்க வேண்டும்?

"ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் செய்யணும்னா, ரெண்டு பேர் சாப்பாட்டையும் அவருக்கே போட்டுடலாம்" என்று நினைக்கத் தோன்றும். முன்பு அப்படித்தான் செய்தார்கள். ஒரு மூச்சுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லி, அதற்கு மேலும் கொடுத்தார்கள். ஒரே நுரையீரலுக்குள் அவ்வளவு காற்றை அழுத்தினால் அதிலுள்ள நுண்ணிய காற்றுப் பைகள் அளவுக்கு மீறி விரிந்து காயப்படும் என்பது பிறகு தெரிந்தது. சைக்கிள் டியூபில் அளவுக்கு மேல் காற்றடித்த கதைதான்.

இன்று பரவலாகச் சொல்லப்படும் அளவு கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி. அதுவும் தராசில் காட்டும் எடைக்கு இல்லை, உயரத்துக்கு ஏற்ற எடைக்கு. ஏன் என்றால், ஆள் குண்டானால் நுரையீரல் பெரிதாகாது!

வள்ளியக்கா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். உயரம் 5 அடி, எடை 65 கிலோ. அந்த உயரமுள்ள பெண்ணுக்குக் கணக்கில் எடுக்கும் எடை சுமார் 45 கிலோதான். கிலோவுக்கு 5 மில்லி என்றால் ஒரு மூச்சு 225 மில்லி. ஒரு டம்ளர் அளவு. தராசு எடையை வைத்துப் பழைய கணக்கில் கொடுத்திருந்தால் 650 மில்லி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! வித்தியாசம் புரிகிறதா?

சின்ன மூச்சு மட்டும் போதாது. மூச்சு வெளியே போகும்போது காற்றுப் பைகள் முழுதாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. புது பலூனை முதலில் ஊதும்போதுதான் கஷ்டம். கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தால் அடுத்த ஊதல் சுலபம். அதனால் மூச்சு முடிவிலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்படி வென்டிலேட்டரை வைப்பார்கள். 'பீப்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சின்ன மூச்சும் பீப்பும் சேர்ந்தே போக வேண்டும். இடையிடையே நுரையீரலை மெதுவாக விரித்தும் விடுவார்கள்.

மூன்றாவது ஒப்பீடு: அளவு வைத்தா, அழுத்தம் வைத்தா?

வென்டிலேட்டரை இரண்டு விதமாக வைக்கலாம். "ஒவ்வொரு மூச்சுக்கும் இத்தனை மில்லி" என்று அளவை நிர்ணயிப்பது ஒன்று. "இந்த அழுத்தத்துக்கு மேல் போகாதே" என்று அழுத்தத்தை நிர்ணயிப்பது மற்றொன்று.

அளவு முறையில் காற்று தவறாமல் போய்ச் சேரும். ஆனால் குழாயில் சளி அடைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்த முறையில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கும். ஆனால் நுரையீரல் இறுகினால் உள்ளே போகும் காற்று குறையும், யாராவது கண்காணிக்க வேண்டும். நோயாளி குணமாவதில் ஒரு முறை மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. எனவே "எங்க ஆஸ்பத்திரியில புது மெஷின் முறை, அதனால தனி சார்ஜ்" என்று யாராவது சொன்னால், அது எதற்கு, எப்படி உதவும் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆக்சிஜன் குறைந்தால்?

இதுதான் எல்லாருக்கும் உள்ள பெரிய பயம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய கருவி ஞாபகம் இருக்கிறதா? அதே போன்ற கருவி ஆபரேஷன் முழுவதும் மாட்டியிருக்கும். அளவு 90-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

நம் உடம்பே இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. காற்று வராத நுரையீரலில் ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தைக் காற்று உள்ள பக்கத்துக்குத் திருப்பிவிடும். விளையாத வயலுக்குத் தண்ணீர் எதற்கு என்று மடை தானே மூடிக்கொள்வது போல! 1946-ல் ஸ்வீடனில் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைகளிடம் செய்த சோதனையில் இதைக் கண்டு எழுதினார்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பதால் கீழே உள்ள நல்ல நுரையீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் போவதும் உதவி.

அப்படியும் ஆக்சிஜன் குறைந்தால் படிப்படியாகச் செய்வார்கள்: ஆக்சிஜனைக் கூட்டுவது, குழாய் நகர்ந்ததா என்று கேமராவில் பார்ப்பது, சளியை உறிஞ்சுவது, வேலை செய்யும் நுரையீரலை விரித்துவிடுவது, சுருங்கிய பக்கத்துக்கும் கொஞ்சம் ஆக்சிஜனை மெல்லிய அழுத்தத்தில் விடுவது. எதற்கும் மசியாவிட்டால் ஆபரேஷனைச் சில நிமிஷம் நிறுத்தி, இரண்டு நுரையீரலுக்கும் காற்று கொடுத்துவிட்டுத் தொடர்வார்கள்.

முன் காலத்தில் இப்படிச் செய்த நூறு பேரில் இருபது பேருக்கு மேல் ஆக்சிஜன் குறைந்தது. இப்போது கேமராவும் நல்ல கருவிகளும் வந்து அது மிகவும் குறைந்துவிட்டது. ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு நிமோனியா வரலாம். அபூர்வமாக மூச்சுக்குழலில் காயம் ஏற்படலாம். அதனால்தான் எழுத்தில் சம்மதம் கேட்கிறார்கள்.

நம் பக்கத்து வேலை என்ன?

எந்தக் குழாய், எந்த முறை என்பதை மயக்க டாக்டர் முடிவு செய்வார். ஆனால் நல்லபடியாக முடிவதில் நம் பங்கும் பெரிது.

● பீடி, சிகரெட்டை உடனே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு 4 வாரமாவது முன்பே நிறுத்தினால் சிக்கல் குறையும்.
● மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது! மெதுவாக, ஆழமாக உள்ளே இழுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பழகுங்கள்.
● பட்டினி இருக்கச் சொன்ன நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். "பாவம், ஒரு வாய் இட்லி" என்று ஊட்டிவிட்டால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். தெரியாமல் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
● ஆடும் பல், பல் செட், ஆஸ்துமா, பழைய காசநோய், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நகப்பூச்சும் மருதாணியும் விரல் கருவியின் அளவைக் குழப்பலாம், முன்பே சொல்லிவிடுங்கள்.
● ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கும் என்று இருமாமல் அடக்கக் கூடாது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். வலி தாங்கவில்லை என்றால் நர்ஸிடம் கேளுங்கள், வலி குறைந்தால்தான் ஆழமாக மூச்சு விட முடியும்.
● நெஞ்சில் ஒரு குழாய் வெளியே பாட்டிலுக்குப் போகும். பாட்டிலை நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது.
● தொண்டை வலியும் குரல் கம்மலும் சில நாளில் சரியாகும். ஒரு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. எந்தப் பக்கம் ஆபரேஷன்? எவ்வளவு பகுதியை எடுப்பீர்கள்?
2. மீதி நுரையீரல் போதும் என்று ஊதும் சோதனை, நடக்கும் சோதனை செய்து பார்த்தீர்களா?
3. இரட்டைக் குழாயா, அடைப்பு பலூனா? இவருக்கு ஏன் அது?
4. ஆக்சிஜன் குறைந்தால் என்ன செய்வீர்கள்?
5. பிறகு வென்டிலேட்டரில் வைக்க வேண்டி வருமா? எத்தனை நாள்?
6. வலிக்கு என்ன ஏற்பாடு?
7. காப்பீட்டில் எவ்வளவு வரும்? நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும்?

கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று நினைக்காதீங்க. கேட்பது நம் உரிமை.

பணத்துக்கு என்ன வழி?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சு அறுவைப் பிரிவு உள்ள இடங்களில் முதலில் விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குச் செலவை ஏற்பார்கள். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

போக்குவரத்து, சாப்பாடு, கூட இருப்பவரின் கூலி இழப்பு என்று கைச்செலவு எப்படியும் வரும். அதற்குக் கந்து வட்டிக்காரரிடம் ஓடாமல் குழுவின் உள்கடனைக் கேளுங்கள். குழுக்களும் இப்படிப்பட்ட உறுப்பினருக்கு முன்னுரிமை கொடுத்துத் தீர்மானம் போடலாம். ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணைக்கு இருப்பதும் பெரிய உதவிதான்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கு மருந்து இலவசம். முதலிலேயே கண்டுபிடித்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டால், நெஞ்சைத் திறக்கும் நிலைமை பெரும்பாலும் வராது. பீடி சுற்றும் தோழிகளும் விறகு அடுப்பில் வேகிற தோழிகளும் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கட்டுரையை ஒருவர் படித்துக் காட்டுங்கள். ஏழு கேள்விகளையும் குழு நோட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். யாருக்காவது தேவைப்படும் நாளில், தேடாமல் கைக்குக் கிடைக்கும்.